டிசம்பர் வரை காத்திருக்க மாட்டேன்

துய்த்தாமா,
அக்டோபர் 3

அன்பு மகள் மரிசெலுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் மழைக்கு முன்னால் முனகுகிறது, அங்கே மாட்ரிட்டில் நீ சளி இருமல் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும் என்பதே என் ஜெபம். போன் இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், பிறகு அழுவாய், நானும் சரி விடு என்று சொல்லித் தொலைப்பேன். கடிதம் போய்ச் சேர மூன்று வாரமாகும் என்று தபால் ஆபீஸில் சொன்னார்கள், எனக்கு அதுதான் வேண்டும். வருகிற வியாழக்கிழமை பொகொத்தாவில் என் இரண்டு கண்ணுக்கும் கண்ணாடியைக் கழற்ற லேசர் ஆபரேஷன். நீ இதைப் படிக்கும்போது முடிந்திருக்கும்.

நான் டிசம்பர்ல வரேன்ல, அதுவரைக்கும் பொறும்மா, சேர்ந்து முடிவு பண்ணலாம் என்று சொன்னாய். மாட்ரிட் போவதை நீ யாரோடு சேர்ந்து முடிவு பண்ணினாய் மகளே. டிக்கெட்டைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தாய், நான் வாயைத் திறந்தேனா.

இங்கே ஊரே கண் டாக்டராகிவிட்டது. உன் அத்தை எர்மென்சியா, நடுவுல கண்ணைச் சிமிட்டினேன்னு வை, அவ்வளவுதான், பார்வை போயிடும் என்கிறாள். இஸ்திரி போட்ட கையோடு ஃபிரிட்ஜைத் திறந்தால் வாய் கோணிவிடும் என்று உன்னை இத்தனை வருடம் பயமுறுத்தி வைத்தவளும் அவள்தான். ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டர் புலிதோவிடம் கேட்டேன், சிரித்துவிட்டார். இமையை ஒரு கிளிப் பிடித்துக்கொள்ளும், நீங்க நெனச்சாலும் சிமிட்ட முடியாது, கண் அசைஞ்சா மெஷினும் கூடவே போகும், ரொம்ப விலகினா தானா நின்னுடும் என்றார். மரத்துப்போக சொட்டு மருந்து விடுவார்கள், லேசர் ஒரு கண்ணுக்கு ஒரு நிமிஷம்கூட இல்லை. முடி கருகுவது போல வாசனை வரும் என்பது உண்மைதானாம், அதற்காகக் கண் வேகிறது என்று அர்த்தமில்லை.

தேஹோ மைதானத்தில் என் அணிப் பெண்கள் அதைவிட மோசம். மேலிதா, நாற்பது தாண்டினா பண்ணவே மாட்டாங்க, உன்கிட்ட காசு பிடுங்கப் பார்க்கறாங்க என்றாள். அவளுக்கு நாற்பது தாண்டவில்லை, அவளைத்தான் போன வருடம் கருவிழி மெலிசு என்று திருப்பி அனுப்பினார்கள். என்னை அரைநாள் உட்கார வைத்து அளந்து பார்த்து, புரை இல்லை, கருவிழி நல்ல தடிமன், கண் பவர் பல வருடமாக மாறவில்லை என்று சொன்ன பிறகுதான் தேதி கொடுத்தார்கள். வயதைக் கேட்டு முகம் சுளிக்கவில்லை. தேஹோ ஆட்டத்தில் பதினெட்டு மீட்டர் தூரத்தில் களிமண்ணில் பதித்த வெடியை இரும்புத் தட்டை எறிந்து வெடிக்கவைக்கிறவள் நான், மழைத்துளியும் களிமண்ணும் தெறித்த கண்ணாடியைத் துடைத்துத் துடைத்தே என் பாவாடை நைந்துபோயிற்று. ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு மாதம் களிமண் பக்கம் போகக்கூடாது என்றார் டாக்டர், போகமாட்டேன்.

நானும் ஒன்றைத் தப்பாக நம்பிக்கொண்டிருந்தேன், மறைக்க மாட்டேன். இனி ஜென்மத்துக்கும் கண்ணாடியே வேண்டாம் என்று நினைத்தேன். இல்லையாம். தூரத்துப் பார்வை தெளியும், கிட்டத்தில் படிக்க இந்த வயதில் கண்ணாடி வேண்டும் என்றார் டாக்டர். இதைக் கேட்டு எர்மென்சியாவுக்குக் கொண்டாட்டம், அப்புறம் எதுக்கு இந்தக் கூத்து என்கிறாள். கண் வறளலாம், விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம், அபூர்வமாகப் பார்வை கெடவும் கூடும் என்று எழுதிய தாளிலும் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். பயமாகத்தான் இருக்கிறது. பயத்தோடுதான் போகிறேன். அப்பா கூட வருகிறார், கண்ணாடி இல்லாம உன்னைப் பார்த்தா வேற யாரோ மாதிரி இருக்குமே என்று ஒரே கவலை அவருக்கு.

எதற்கு இந்தக் கூத்து என்று அவளிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். ஏழு வருடம் முன்பு விமான நிலையத்தில் அழுது அழுது கண்ணாடி மங்கிப்போக, துடைக்கக் கழற்றினேன், கை தவறி விழுந்து யாரோ ஒருவரின் சூட்கேஸ் சக்கரத்தில் நசுங்கியது. உள்ளே போகும் கூட்டத்தில் ஒரு சிவப்பு ஜாக்கெட் தெரிந்தது, நீதான் என்று கை ஆட்டிக்கொண்டே இருந்தேன், அதுவும் ஆட்டியது. பிறகு அப்பா என் தோளைத் தொட்டு, அது வேற பொண்ணு, நம்ம பொண்ணு அந்தப் பக்கம் நின்னு கை ஆட்டிட்டு இப்பதான் உள்ளே போனா என்றார். கடைசி வரைக்கும் உன்னையே பாத்துட்டு இருந்தேம்மா என்று நீ போனில் சொல்லும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றிவிடுவேன். அதனால்தான் டிசம்பர் வரை காத்திருக்க மாட்டேன்.

கடவுளும் கன்னி மாதாவும் உன்னைக் காக்கட்டும், உடம்பைப் பார்த்துக்கொள், வேலைக்குப் போகும் அவசரத்தில் காலைச் சாப்பாட்டை விடாதே. வரும்போது எந்த நிற ஜாக்கெட் வேண்டுமானாலும் போட்டுக்கொண்டு வா. இதற்குப் பதில் திட்டித்தான் எழுதுவாய், கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுது. அதைப் படிக்க எனக்குக் கண்ணாடி வேண்டும். டிசம்பரில் நீ விமான நிலையக் கதவைத் தாண்டி வெளியே வரும்போது வேண்டாம்.

முத்தங்களுடன்,
உன் அம்மா,
ரொசால்பா