ரோகிணியின் கூட்டல் குறி

அன்பு மாப்ள,

என் தங்கச்சி கழுத்தில் தாலி கட்டுவதற்கு முன்பே நீ எனக்கு மாப்ளதான். உன் படத்துக்கு மாலை போட்டுவிட்டால் உன்னைக் கிண்டல் செய்யக் கூடாதா என்ன? ஆனால் இன்றைக்குக் கிண்டல் வரவில்லை. ஆத்திரந்தான் வருகிறது.

நம்ம ரோகிணியைப் பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமை ஒத்தக்கடையிலிருந்து வந்தார்கள். பையன் இன்ஜினியர். போனில் பேசியதிலேயே இவளுக்கு அவனைப் பிடித்துவிட்டது.

மகளுக்கு அவள் பிறந்த நட்சத்திரத்தின் பெயரை வைத்தாய். அந்த நட்சத்திரத்தின் வேகத்தையும் காலேஜ் தொலைநோக்கியில் நீயே அளந்து, அதன் வெளிச்சத்தை வானவில் மாதிரி பிரித்தெடுத்த ஒளிப்பட்டையைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டினாய். கறுப்புக் கோடுகள் சிவப்புப் பக்கம் தள்ளி நின்றால் விலகிப் போகிறது என்பாய். அஞ்சாம் கிளாஸ் தாண்டாத எனக்கே அது புரிந்தது. கீழே உன் கையெழுத்தில், நொடிக்குக் கூட்டல் 54 கிலோமீட்டர். கூட்டல் என்றால் போகிறது, கழித்தல் என்றால் வருகிறது.

பையனின் அப்பா கேசரி தின்றபடியே இது என்ன படம் என்றார். உன்னைப் பற்றிக் கேட்க ஓர் ஆள் கிடைத்த சந்தோஷத்தில் ரோகிணி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டார்.

"ஜென்ம நட்சத்திரமே விலகிப் போகுதுன்னா, எங்க வீட்ல நீ எப்படிம்மா நெலைச்சு நிப்ப?"

பையனுக்குச் சுவாதி. அது எப்படி என்று அவரே கேட்டார். இவளும் மெதுவாக நம் பக்கம் வருகிறது என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தாள். ஒன்று வர, ஒன்று போக, பொருத்தமே இல்லையாம்.

நான் சும்மா இருப்பேனா? "அண்ணே, அது கிளம்பி எம்புட்டோ காலமாச்சு. இன்னும் கார்த்திகைக்குப் பக்கத்துலதான் நிக்குது. உங்க வீட்டை விட்டு இவ மட்டும் நாளைக்கே ஓடிருவாளா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. இன்ஜினியர் தலையை ஆட்டினான், அவன் அப்பா சொன்னதற்கு.

அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். உன் கூடப்பிறந்த தம்பி அவளை அடுப்படிக்கு இழுத்துப்போனான். கூட்டல் குறியில் நிற்கிற கோட்டை மட்டும் அழித்துவிடு, கழித்தலாகிவிடும், முன்பு தப்பாகப் படித்துவிட்டதாகச் சொல்லிச் சமாளிக்கலாம் என்றான். நல்ல இடம் போய்விடுமாம். செத்தவன் எழுத்தில் கை வைக்கச் சொல்கிற வாயை என்ன செய்வது? சீ.

ரோகிணி அவள் அம்மாவைப் பார்த்தாள். நீ ராத்திரி முழுக்க வானத்தைப் பார்த்தபோதெல்லாம் உன்னைத் திட்டித் தீர்த்தவள்தானே என் தங்கச்சி? அவள் விறுவிறுவென்று ஹாலுக்கு வந்தாள்.

"பூமி ஓடுற வேகத்தைக் கழிச்சு, திரும்பத் திரும்ப அளந்து, அப்புறந்தான் அவரு அந்தக் குறியைப் போட்டாரு. யாருக்காகவும் அதை மாத்த முடியாதுங்க. காபி குடிச்சிட்டுக் கிளம்புங்க."

குடித்துவிட்டுத்தான் போனார்கள். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

அன்றைக்கு ரோகிணி அழுதாள். இடம் போனதற்காக இல்லை, அந்த இன்ஜினியர் வாயே திறக்கவில்லையே என்று. இம்புட்டுப் படித்த கூட்டத்துக்கு நடுவில் நீ எப்படி மாப்ள காலம் தள்ளினாய்?

ஒரு வாக்குத் தருகிறேன். இனி எந்த மாப்பிள்ளை வீட்டார் வந்தாலும் அந்த ஒளிப்பட்டைப் படத்துக்கு நேர் எதிரில்தான் நாற்காலி போடுவேன். விளக்கமும் நானே சொல்வேன், தப்பும் தவறுமாக. எந்தப் பையன் என்னைத் திருத்துகிறானோ, அவனுக்கு மட்டும் இரண்டாம் தடவை கேசரி.

உன் மச்சான்,
ரோகிணியின் தாய்மாமன்