பவளம் வெளுத்தது யாரால்

அன்புள்ள சின்னவளுக்கு அம்மா எழுதறது. நீ சுகமா இருப்பேன்னு நம்பறேன். இங்க உடம்புக்கு யாருக்கும் ஒண்ணும் இல்லை, மனசுதான் சரியில்லை. போன்ல பேசினா பாதியில வெச்சிடுவே, அதான் கடிதம். கடைசி வரைக்கும் படி.

நீ வேலைக்கு வெளியூர் போனதுல இருந்து, உயிருள்ள கடல் பவளம் வளர்க்கற உன் கண்ணாடித் தொட்டியை யார் பார்த்துக்கறா? உன் அண்ணன் ஒரு நாளாவது அதுல கையை விட்டிருப்பானா? எல்லாம் உன் அண்ணிதான். வேலைக்குக் கிளம்பற அவசரத்திலயும் வத்தின அளவுக்குச் சுத்திகரிச்ச தண்ணி ஊத்தி, உப்பு சரியா இருக்கான்னு அளந்து, கண்ணாடியில படிஞ்ச பாசியைச் சுரண்டிட்டுத்தான் செருப்பு மாட்டுவா. நான் ஆசைக்கு ஒரு சிட்டிகை தீனி கூடப் போட்டதுக்கு, மிஞ்சின தீனி தண்ணியைக் கெடுத்திடும் அத்தைன்னு என் கையையே பிடிச்சிட்டா. அவளைப் போய் என்ன பேச்சு பேசினே நீ.

பவளம் வெளுக்குதுன்னு அவளே பதறித்தான் உனக்குப் படம் அனுப்பினா. உடனே கூப்பிட்டே. அவளைப் பெத்தவங்க பக்கத்துல உட்கார்ந்திருக்காங்க, ஸ்பீக்கர்ல எல்லார் காதுலயும் விழுது, "ஒரு உயிரை வளர்க்கத் தெரியாதவங்ககிட்ட குடுத்தது என் தப்பு"ன்னு சொல்றே. வயித்துல தங்கினதைப் பறிகொடுத்துட்டு அவ இன்னும் தேறவே இல்லை, அது உனக்கும் தெரியும். தெரிஞ்சு சொன்னியோ, வாய்க்கு வந்ததைக் கொட்டினியோ, சொன்னது சொன்னதுதான். அவ எழுந்து உள்ள போய் அவங்க அம்மாவுக்கு டீ போட்டா. அதோட தொட்டிப் பக்கமே வரலை.

அப்புறம் நானே நாற்காலியை இழுத்துப் போட்டுத் தொட்டி முன்னாடி உட்கார்ந்தேன். விளக்குக்கு நேரா இருக்கறது மட்டும் எலும்பா வெளுத்திருக்கு, பாறை இடுக்குல நிழல்ல இருக்கறது பச்சையும் ஊதாவுமா அப்படியே இருக்கு. தண்ணி கெட்டிருந்தா எல்லாமேதானே கெட்டிருக்கணும்? உன் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். தலையைச் சொறிஞ்சிட்டு மெல்லச் சொல்றான், உன்கூட வேலை பார்க்கறவங்களுக்கு, தொட்டிப் பக்கத்துல நீ மாட்டி வெச்ச கேமராவுல பளிச்சுன்னு காட்ட நீதான் அங்க இருந்தே போன்ல விளக்கை முழுசாக் கூட்டினியாம், அவன்கிட்ட பெருமையா வேற சொன்னியாம். குறைக்க மறந்தாச்சு. வெளிச்சத்தைத் திடீர்னு ஏத்தினா பவளத்துக்குள்ளயே இருந்து நிறம் கொடுக்கற பாசி வெளியேறிடும்னு அண்ணிக்குப் பாடம் நடத்தினவ நீதானேடி? தெரிஞ்சும் பொண்டாட்டி தலை குனிஞ்சு நிக்கறப்ப வாயைத் திறக்காதவனுக்கும் நல்லாக் குடுத்தேன்.

விளக்கை உன் போன்ல இருந்து பிரிச்சாச்சு, கேமராவையும் கழட்டியாச்சு. இனி இந்த வீட்டுல இருக்கற கைதான் அதைக் கூட்டும், குறைக்கும். விஷயம் தெரிஞ்சு அண்ணி உன்னைத் திட்டலை, கொஞ்ச நேரம் அழுதா. மறுநாள் காலையில பார்த்தா தொட்டிக்குத் தண்ணி ஊத்திட்டு நிக்கறா. உனக்கு என்னடி தலையெழுத்துன்னு கேட்டேன். "அதுங்க என்ன பண்ணுச்சு அத்தை"ன்னா.

எது பிழைச்சுது, எது செத்துதுன்னு என்கிட்ட கேக்காதே, சொல்ல மாட்டேன். அண்ணனும் சொல்ல மாட்டான். அவளையே கூப்பிட்டுக் கேளு. முதல்ல மன்னிப்பு, அப்புறம்தான் பவளம். அவங்க அம்மா காதுலயும் விழணும்.

நேரத்துக்குச் சாப்பிடு, கண்ணைக் கெடுத்துக்காதே. எவ்வளவு கோபம் இருந்தாலும் நீ நல்லா இருக்கணும்னுதான் வேண்டிக்கறேன். ஞாயித்துக்கிழமை அண்ணிக்கு லீவு, மறந்துடாதே. நீ அவகிட்ட பேசற வரைக்கும் எனக்குப் போன் பண்ணாதே. உன் குரலைக் கேட்டா இளகிடுவேன்.

இப்படிக்கு,
அம்மா