நெய்யில் வறுத்த ரவை

நேற்று நிலவறை அலுமாரியை இழுத்துக் கூட்டியபோது உங்களுடைய பித்தளைத் தோட்டாக் கோது ஒன்று உருண்டு வந்தது. கழுவாமல் விட்ட கோது. மூக்கில் வைத்தேன், கூழ்முட்டை மணம் அப்படியே இருந்தது. துவக்கில் கரிமருந்து போட்டுச் சுட்டால் அந்த மணம்தான். நீங்கள் போய் ஏழு மாதம். செத்தவீட்டிலும் எனக்கு அழுகை வரவில்லை, கோதை மணந்தும் வரவில்லை. சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஊரை விட்டு ஓடிவந்தவர்கள் நாங்கள். அதனால் பென்ஷன் எடுத்த கையோடு நீங்கள் இங்கே எசன் நகரத்துத் துவக்குச் சுடும் கழகத்தில் சேர்ந்தது எனக்குப் பிடிக்கவில்லை. "இது அந்தக் காலத்து மாதிரித் துவக்கு. மனிசரைச் சுடுறதில்லை, கடதாசியைத்தான் சுடுறது" என்றீர்கள். இந்த வயதில் பரீட்சை எழுதி, வெடிமருந்து வைத்திருக்க அனுமதியும் எடுத்தீர்கள். வியாழக்கிழமை என்றால் நிலவறையில் கோது நிரப்பும் வேலை.

கோதுக்குள் மருந்துக்கும் ஈயக்குண்டுக்கும் நடுவில் வெற்றிடம் இருக்கக்கூடாது. அதை அடைக்க இங்கே ரவை போடுவார்கள், நாங்கள் உப்புமா கிண்டும் அதே ரவை. நீங்கள் என் தகரத்தில் அள்ளினீர்கள். வண்டு விழாமல் இருக்க, கடையால் வந்ததும் வெறும் சட்டியில் வறுத்து வைப்பவள் நான். அதில் ஈரம் இருக்காது.

"இஞ்சேரும், உம்மடை ரவை உப்புமாவுக்குத்தான் சரிவராது. துவக்குக்குத் திறம்."

"அப்ப நாளைக்குக் காலமைச் சாப்பாட்டைத் துவக்கிட்டையே கேளுங்கோ."

ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுவீர்கள். ஒரு கிழமை மருந்தின் அளவு, அடுத்த கிழமை குண்டில் பூசும் கொழுப்பு, பிறகு நடுவில் வைக்கும் அட்டை வட்டம். "ரெண்டை ஒண்டா மாத்தினால் எதின்ரை வேலையெண்டு தெரியாது" என்று சொல்லிக் கொப்பியில் எழுதுவீர்கள். இரண்டு வருடம் மினக்கெட்டு, ஐந்து குண்டும் ஒரு கோப்பைத் தட்டுக்குள் விழும் அளவைப் பிடித்தீர்கள்.

அந்த வருடம்தான் பான் நகரத்தில் என் அண்ணை செத்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு நீங்கள் வரவில்லை. உங்களுக்குச் சுடும் போட்டி இருந்தது. படையலுக்கு முன்னால், அவ்வளவு சனத்துக்கு நடுவில், மச்சாள் கேட்டாள்: "எங்கை உம்மடை அவர்?" சுகமில்லை என்று பொய் சொன்னேன். அவள் நம்பவில்லை. அந்த முகம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

அண்ணைக்குப் படைக்க ரவை லட்டுப் பிடித்தேன் அல்லவா? அதற்கு நெய்யில் வறுத்து மிஞ்சியதை, யோசிக்காமல் அதே தகரத்தில் கொட்டிவிட்டேன். நீங்களும் பார்க்காமல் அள்ளினீர்கள். அடுத்த ஞாயிறு குண்டுகள் சிதறின. ஒன்று மேலே, ஒன்று கீழே, ஒன்று குறி அட்டையிலேயே இல்லை. குசினி வாசலில் நின்று கேட்டீர்கள்.

"ரவை பழையபடிதானே வறுத்தனீர்?"

எனக்கு அந்த நேரமே விளங்கிவிட்டது. மருந்தில் எண்ணெய்ப் பசை பட்டால் கெட்டுவிடும் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்.

"ஓம்" என்றேன்.

ஒரு கிழமை அலையட்டும், பிறகு சொல்லுவோம் என்று நினைத்தேன். சொல்லவில்லை. தகரம் முடிந்தபோது திரும்பவும் சொட்டு நெய் விட்டே வறுத்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

அந்தக் கோடை முழுக்க நீங்கள் மாற்றிக்கொண்டே இருந்தீர்கள். மருந்தை, கொழுப்பை, அட்டையை, கடைசியில் கண்ணாடியை. கண் டொக்டர் கண்ணில் குறையில்லை என்றார். "அப்ப கைதான் பழுதாப் போட்டுது" என்று துவக்கைக் கழக நண்பர் வெர்னருக்கு விற்றீர்கள். அதற்குப் பிறகு தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தீர்கள். கார் ஓட்டுவதை விட்டீர்கள். பேரப்பிள்ளையைத் தூக்கப் பயந்தீர்கள். கை நடுங்கவில்லை. ஆறு வருடம் எதிரே இருந்து பார்த்தவள் நான்.

போன மாதம்தான் வெர்னர் துக்கம் விசாரிக்க வந்தார். தான் சுட்ட குறி அட்டை ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார், ஐந்து ஓட்டையும் ஒட்டினாற்போல் இருந்தன. உங்கள் பழைய அளவாம், ரவை மட்டும் அவர் வீட்டு ரவையாம். "துவக்கு நல்ல துவக்கு. பாவம், அவருக்கு வயது போய்விட்டது" என்றார். நான் இன்னொரு துண்டு கேக் வைத்தேன்.

அவர் போனபின் உங்கள் கொப்பியை எடுத்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், உங்கள் கிறுக்கலை எழுத்துக்கூட்டித்தான் வாசித்தேன். அந்தக் கோடையின் ஒவ்வொரு பக்கத்திலும் ஏதோ ஒன்றை வெட்டி மாற்றி எழுதியிருக்கிறீர்கள். ஒரு வரி மட்டும் எல்லாப் பக்கத்திலும் ஒன்றேதான்: "ரவை: வீட்டு ரவை. அவவைக் கேட்டனான், பிழையில்லை."

பத்தொன்பது பக்கம்.

அந்தியேட்டிக்கு நீங்கள் வராததை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னித்தேன் என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். ஆனால் உங்கள் கைக்கு ஒன்றும் நடக்கவில்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.