உப்பு மைதானமும் இரண்டு சத்தியங்களும்

ஜூலை 3, வியாழன்

இன்று வந்தவர்கள் ஒன்பது பேர். சாக்கடை நாலு, தெருவிளக்கு மூன்று, முதியோர் பென்ஷன் ஒன்று. ஒன்பதாவது பூமாரி. மனு ஒன்றும் இல்லை. மீன் கூடையை வாசலில் இறக்கிவிட்டு நேராக உள்ளே வந்தாள்.

"இன்னா பாயம்மா, உப்பு மைதானத்த கன்டெய்னர் லாரி நிறுத்தக் குட்துட்டாங்களாமே?"

எனக்குத் தெரியாது என்றேன்.

"நீதான கவுன்சிலரு? உனக்கே தெர்லன்னா நான் கடலாண்ட போயா கேக்கறது?"

அவள் போன பிறகும் கூடையின் ஈரம் வாசலில் வட்டமாக இருந்தது. காய்கிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 9, புதன்

மெய்தான். கட்சியின் வட்டச் செயலாளர் தவசிமுத்து அண்ணன் வந்து சொன்னார். மாதக் கடைசி மன்றக் கூட்டத்தில் தீர்மானம். துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் லாரிகள் இனி மைதானத்தில் நிற்குமாம். போக வழி? பள்ளிக்கூடத் தெருதான். இரண்டு ஆட்டோ எதிரெதிரே வந்தாலே ஒன்று பின்வாங்கும் தெரு. பிள்ளைகள் எங்கே நடக்கும் என்று கேட்டேன்.

"அதெல்லாம் மேலேயே பேசியாச்சும்மா. நீங்க கையத் தூக்கினாப் போதும். சத்தியம் ஞாபகம் கீதுல்ல?"

எப்படி மறக்கும்? சீட்டு கொடுத்த அன்று மற்ற வேட்பாளர்கள் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார்கள். எனக்கு அது ஆகாதென்று, அல்லாஹ் மேல் ஆணையாகக் கட்சி சொல்லும் பக்கமே கை தூக்குவேன் என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னேன்.

பதவியேற்ற அன்றும் இறைவன் பெயரால்தான் ஆணையிட்டேன். அந்தத் தாளை இன்று பெட்டியிலிருந்து எடுத்தேன். அரசியலமைப்பின் மேல் பற்று, கடமையை உண்மையோடு செய்வது. கட்சியின் பெயரை எழுத்துக்கூட்டி இரண்டு தரம் தேடினேன். இல்லை.

படைத்தவன் ஒருவன். அவன் பெயரில் இரண்டு வாக்கு. ஒன்றைக் காப்பாற்றினால் மற்றது உடையும். யா அல்லாஹ், மறுமையில் எதைக் கேட்பாய்?

ஜூலை 14, திங்கள்

நான் தயங்குகிறேன் என்று வீட்டுக்காரர் இவருக்குக் கோபம். வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்படாமல் இருந்திருந்தால் நின்றிருக்க வேண்டியவர் இவர்தான்.

"ஜனங்க உனக்கா போட்டாங்க, அஜீசு? சின்னத்துக்குப் போட்டாங்க. சின்னம் இல்லன்னா உன் மூஞ்சி யாருக்குத் தெரியும்?"

அதுவும் உண்மைதானே. பகல் முழுக்க அந்த வார்த்தை கூடவே நடந்தது. சாயங்காலம் பூமாரியிடம் கேட்டேவிட்டேன், யாருக்குப் போட்டாய் என்று.

"சின்னத்துக்குத்தான். பொய் சொல்ல மாட்டேன். ஆனா கொயாயில தண்ணி வரலன்னா சின்னத்தாண்டயா வந்து கத்துவேன்? உன் வூட்டாண்டதான வரேன்?"

ஜூலை 18, வெள்ளி

பெண்களுக்கு ஓதக் கற்றுத்தரும் உமைமா லாத்தாவிடம் கேட்கலாமென்று வாசல்வரை போனேன். கேட்டால் பதவிக்காக ஆணையிட்டது வெளியே வந்துவிடும். வெட்கம். திரும்பிவிட்டேன்.

ஜூலை 24, வியாழன்

இஸ்திகாரா தொழுது, வழி காட்டு என்று கேட்டுப் படுத்திருந்தேன். விடியற்காலையில் கனவு. மன்றத்துக்குள் கடல் வந்திருக்கிறது. யாரும் எழவில்லை. தண்ணீர் பச்சையாக, அமைதியாக, தலைகளை மூடுகிறது. தூக்கிய கைகள் மட்டும் மேலே தெரிகின்றன, காற்றில்லாமலே மெல்ல ஆடிக்கொண்டு. எது என் கை என்று தேடுகிறேன். எல்லாம் ஒன்றுபோல இருக்கின்றன. எங்கேயோ கப்பல் ஊதுகிறது.

விழித்தபோது நிஜமாகவே கப்பல் ஊதிக்கொண்டிருந்தது. ஜன்னலில் மணலி எண்ணெய் ஆலைப் புகைபோக்கியின் நெருப்பு வெளுத்துக்கொண்டிருந்தது. பதில் வந்ததா, வரவில்லையா?

ஜூலை 29, செவ்வாய்

தையல் டேப்பை எடுத்துக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத் தெருவை அளந்தேன். முனையில் பதினோரு அடி ஒன்பது அங்குலம்.

ஜூலை 30, புதன்

மன்றத்தில் எழுந்துவிட்டேன். அவ்வளவுதான் முதலில் தெரிந்தது — எல்லோரும் மேசையைத் தட்டிக்கொண்டிருக்க, நான் மட்டும் நின்றுகொண்டிருக்கிறேன். கை தூக்கவில்லை.

"இது என் வார்டு. எனக்குச் சம்மதமில்லை. தெரு முனை பதினோரு அடி ஒன்பது அங்குலம். நாற்பதடி லாரி அங்கே திரும்பாது. நாலு மணிக்கு அந்த முனையில்தான் முந்நூறு பிள்ளைகள் வெளியே வருகிறார்கள்."

பின்னாலிருந்து ஒரு குரல்: "டேப்பு எடுத்தாந்தியாம்மா? அப்படியே எனக்கு ஒரு ஜிப்பாவுக்கு அளவெடு!" சிரிப்பு. ஆனால் அதிகாரி ஒருவர் குனிந்து வரைபடத்தைப் புரட்டினார். மறு ஆய்வுக்கு ஒத்திவைப்பு.

தவசிமுத்து அண்ணன் வராந்தாவில் காத்திருந்தார். "அல்லா மேல சத்தியம் பண்ணியேம்மா" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வருத்தமாகச் சொன்னார்.

வாக்கை உடைத்தவள் நான். தெரிந்தே உடைத்தேன்.

ஜூலை 31, வியாழன்

கட்சியிலிருந்து நீக்கம். மன்ற உறுப்பினர் பதவி மட்டும் இருக்குமாம். இவர் சாப்பிடாமல் கடைக்குப் போனார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

இனி மறைக்க என்ன இருக்கிறது? உமைமா லாத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்துச் சிரித்தார்.

"இதுக்காடீ வாசல் வரைக்கும் வந்துட்டு ஓடின? பாத்துக்கினுதான் இருந்தேன். ஆணையிட்ட பிறகு நல்லது வேற பக்கம் தெரிஞ்சா, நல்லதச் செஞ்சிட்டு ஆணைய முறிச்சதுக்குக் கஃப்பாரா குடுக்கணும். பத்து ஏழைக்கு வயிறாரச் சோறு."

பரிகாரம் இருக்கிறது. திரும்பி வரும்போது தெரு கொஞ்சம் தரையைவிட்டு மேலே இருந்ததுபோலத் தோன்றியது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இவர் காலையில் நான் கேட்காமலே இறைச்சி வாங்கிவந்து வைத்தார். பத்துப் பொட்டலம் கட்டினேன். யாருக்கு என்பதை மட்டும் நேற்றே முடிவு செய்திருந்தேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் மூன்று நாளாக வரிசையில் நிற்கும் லாரிக்காரர்கள். கைக்காசு தீர்ந்து டீயும் பன்னுமாகக் கிடக்கிறார்கள். என் வார்டில் அவர்களுக்கு ஓட்டில்லை.

பூமாரி கூடை தூக்க வந்தாள். "லாரி வாணாம்னு சொன்ன வாயி, லாரிக்காரனுக்கே பிரியாணியா? இன்னா கணக்கு பாயம்மா இது?"

"லாரிதான் அங்கே திரும்பாது. அவங்களுக்குப் பசிக்குமே."

கடல் வெயிலில் மங்கி, வானம் எது தண்ணீர் எது என்று தெரியாமல் கிடந்தது. லாரிகள் அதன் ஓரமாக வடக்கே முடிவில்லாமல் நின்றன. கடைசிப் பொட்டலத்தை வாங்கியவர் விருதுநகர்ப் பக்கத்துப் பெரியவர்.

"எலெக்சன் வருதாம்மா? எந்தக் கட்சி?"



"கட்சியெல்லாம் ஒண்ணும் கெடையாது நைனா," என்றாள் பூமாரி. "துன்னு."

அவர் நம்பவில்லை. பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யார் படமும் இல்லை, எண்ணெய்க் கறைதான் இருந்தது. அப்புறம் லாரி நிழலில் உட்கார்ந்து பிரித்தார்.