பாலத்துக்குக் கீழ பனியன் கடை

அன்புக் கண்ணு செல்வக்குமாருக்கு அம்மா எழுதறது. அவிநாசியப்பன் புண்ணியத்துல நானும் உங்கப்பாவும் சொகமா இருக்கறோம், அந்தக் குளுருல நீ இருமாம இருந்தாச் செரி. போன்ல பேச ஆரம்பிச்சா மீட்டிங்குன்னு வெச்சுப்போடற, அதனாலதான் பக்கத்து ஊட்டு நித்யஸ்ரீ கனடாவுக்கு வாராளேன்னு அவகிட்ட இதைக் குடுத்து உடறேன்.

கடையை மூடிப்போட்டுச் சும்மா இருங்கன்னு போன வாரமும் சொன்னே. சொல்றது சுலபம் சாமி. உங்க அப்பாரு, எங்க மாமனாரு, இந்த இடத்துல பானைத் தண்ணியும் கோலி சோடாவும் வெச்சப்ப பருத்தி லாரிக்காரங்கதான் நிப்பாங்களாம். அப்பறம் டீக்கடையாச்சு, கோயமுத்தூர் பஸ்ஸெல்லாம் நின்னுச்சு. நான் கல்யாணமாகி வந்தப்பறம் உங்கப்பா திருப்பூர்ல எக்ஸ்போர்ட்ல கழிச்ச பனியனை மூட்டை கட்டிட்டு வந்து கம்பியில தொங்க உட்டாரு, கேரளாக்காரங்க காரை நிறுத்தி அள்ளிட்டுப் போனாங்க. இப்பப் பாலம் கட்டி எல்லாரும் தலைக்கு மேல பறக்கறாங்க, வழி தப்பி எறங்கறவங்கதான் நமக்கு யாவாரம். நீயே போன தடவை டாக்ஸியில தூங்கிட்டு மேலயே போயிட்டே, நான் டீயைக் கையில வெச்சுட்டு நின்னது எனக்குத்தான் தெரியும். சிரிக்காதே.

நேத்தும் அப்படித்தான் ஒரு பாலக்காட்டுக் குடும்பம் எறங்குச்சு. குழந்தை வாந்தி எடுத்து அப்பங்காரன் சட்டையெல்லாம் நாசம். அவன் காரை விட்டு எறங்கறப்பவே எல் சைசு எடுத்து நீட்டினேன், கச்சிதமா இருந்துச்சு. பாத்ததும் எப்படிம்மா சொல்றீங்கன்னு கேட்டான். எறங்கறவங்க தோளைப் பாத்துத்தானே இத்தனை வருசம் ஓட்டறேன்னேன். பெருமையாத்தான் இருந்துச்சு.

இன்னைக்கு நித்யஸ்ரீ வந்து, அண்ணனுக்கு ரெண்டு பனியன் குடுங்க பெரியம்மா, கொண்டுபோறேன்னா. புது மூட்டை பிரிச்சா மொதப் பீசு நம்மூட்டுப் பையனுக்குன்னு எடுத்து வெக்கற பழக்கத்தை நான் உடலை, பொட்டி நெறையக் கெடக்குது. தெறந்தா எல்லாம் எம் சைசு. கடைசியா நீ வந்துட்டுப் போனப்ப எம், அதுக்கும் வருசமாச்சு. இப்ப என்னன்னு உங்கப்பாவைக் கேட்டா முழிக்கறாரு. போன்ல மூஞ்சி மட்டுந்தானே தெரியுது. ரோட்ல போறவன் அளவெல்லாம் தெரிஞ்சவளுக்குப் பெத்த பையன் அளவு தெரியலையேன்னு பொட்டி பக்கத்துலயே உக்காந்து அழுதுட்டேன் கண்ணு. உன்னைப் பாக்கோணும்னு இருக்குது, வேற ஒண்ணுமில்லை.

அதனால பனியன் அனுப்பலை. சைசை நீ சொல்லவும் வேண்டாம். சித்திரைக்கு லீவு பாக்கலாம்னு சொன்னியே, அந்தப் பாக்கலாம்ங்கறதை உட்டுப்போட்டு வா. நேரத்துக்குச் சாப்பிடு, முருகன் கூடவே இருப்பான், நல்லா இருப்பே. கோயமுத்தூர்ல டாக்ஸி ஏறினதும் பாலத்து மேல போகாதீங்க, கீழ் ரோட்டுல போங்கன்னு டிரைவர்கிட்டச் சொல்லிப்போடு. தூங்கிறாதே. வந்து எறங்கிக் கடை முன்னாடி சித்த நில்லு, அளவை நான் பாத்துக்கறேன்.

வழி பாத்துட்டு இருக்கற உன் அம்மா,
காளியாத்தாள்