யூரியா போட்ட வெற்றிலை

2025 ஜூன் 9, திங்கள்

காலையில் கொடியில் நாற்பது இலை கிள்ளினேன். வெயில் குறையவில்லை. சுண்ணாம்பு டப்பா காலி.

பேத்தி கலைமதிக்கு நாள் குறித்தாகிவிட்டது. செப்டம்பர் நாலு, வியாழக்கிழமை, நம் வீட்டிலேயே பாக்கு வெற்றிலை மாற்றிக்கொள்வது. கல்யாணம் தை மாசம். பையன் பெயர் சேரன். ஊர் கண்டமங்கலம், பாண்டிச்சேரியில் கம்பெனி வேலை. பையன் எப்படியோ, அவனுடைய ஆயா, அப்பாவைப் பெற்ற துரைக்கண்ணு அம்மாளை எனக்குப் பிடித்துப்போயிற்று. போன மாசம் பெண் பார்க்க வந்தபோது பஜ்ஜியைத் தொடவில்லை. கிணற்றடிக் கொடியில் நான் கிள்ளிவந்த வெற்றிலை ஒன்றை மடித்து வாயில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னாம்மா இது, காதுல வந்து சுடுது! இந்த வெத்தலைக்கே பொண்ணு எடுக்கலாம் போல!"

போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அன்னிக்கு தட்டுல கடை வெத்தலை வெச்சுடாதீங்க சம்மந்தி. இந்தக் கொடியிலேர்ந்து ஒரு கவுளி வைங்க. பொண்ணு வீட்டு வெத்தலைய மென்னுட்டுதான் எங்க வீட்ல வார்த்தை குடுப்போம்."

ஒரு கவுளி என்றால் நூறு இலை. வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஜூன் 12, வியாழன்

இன்று திண்டிவனம் போனேன், புண்ணாக்கு வாங்க. சுப்பராயலு மரச்செக்கு வைத்திருக்கிறான். என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன். பன்னிரண்டு வருஷமாக அவனிடம்தான் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைப் புண்ணாக்கு வாங்கி ஊறவைத்துக் கொடிக்கு ஊற்றுகிறேன்.

செக்கில் நாலு பேர் நின்றிருந்தார்கள். துரைக்கண்ணு அம்மாள் சொன்னதைப் பெருமையாகச் சொன்னேன். என் கைராசி அப்படி என்றும் சொன்னேன். அதற்கு அவன் சொல்கிறான்:

"கைராசியாவது காலு ராசியாவது. எல்லாம் என் புண்ணாக்கு அண்ணி! அத நிறுத்திப் பாருங்க, உங்க வெத்தலை வெறும் புல்லு."

நாலு பேரும் சிரித்தார்கள். அதில் ஒருத்திக்கு மூக்குத்தி இல்லை, அவள் ரொம்பச் சிரித்தாள். காலை பதினொன்றரை மணி. அவன் போட்டிருந்தது கட்டம் போட்ட சட்டை, மேல் பொத்தான் இல்லை.

புண்ணாக்கு வாங்காமலே பஸ் ஏறிவிட்டேன். எவனோ வெளியாளா சொன்னான்? சொந்தக்காரன் சொல்லிட்டான்! பன்னண்டு வருஷமா விடியங்காட்டி எழுந்து தண்ணி ஊத்துனது யாரு, அவனா? பூச்சி பொறுக்குனது யாரு, அவங்க அம்மாளா?

ஜூன் 13, வெள்ளி

தூக்கம் இல்லை. என் ஓரகத்தி என் கூரைப்புடவையைப் பார்த்து "அடுப்புத் துணியாட்டம் இருக்குது" என்று சொன்னது 1979, ஒரு வெள்ளிக்கிழமை. அவள் செத்து ஆறு வருஷம் ஆகிறது. இன்னும் மன்னிக்கவில்லை. இவனை மட்டும் விடுவேனா.

கொட்டகையில் நெல்லுக்கு வாங்கி வைத்த யூரியா மூட்டை இருந்தது. ஒரு கைப்பிடி அள்ளிக் கொடியைச் சுற்றித் தூவித் தண்ணீர் விட்டேன். மகன் மணிமாறன் பார்த்துவிட்டான்.

"எம்மா, அது நெல்லுக்குப் போடுறது."

"நெல்லும் பச்சை, வெத்தலையும் பச்சை. நீ போய் வேலையைப் பாரு."

வாரம் ஒரு கைப்பிடி. புண்ணாக்கு இல்லாமல் ஒரு கவுளி எடுத்துக் காட்டுகிறேன்.

ஜூன் 27, வெள்ளி

வளர்கிறது பார், வளர்கிறது! அகத்தி மரத்தின் உச்சிக்குப் போய்விட்டது கொடி. ஒரு இலை கலைமதியின் முகத்தை மூடுகிறது. கன்னங்கரேல் என்று பச்சை. அதைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தாள்.

சுப்பராயலு பார்த்தானா என்று கேட்டேன்.

"பாத்துட்டாரு ஆயா. சிரிப்பு பொம்மை அனுப்பிக்கிறாரு."

சிரிக்கட்டும்.

ஜூலை 10, வியாழன்

இன்றுதான் புது இலையைப் போட்டு மென்றேன். ருசி தெரியவில்லை. சளி பிடித்திருக்கும்.

ஜூலை 11, வெள்ளி

சளி இல்லை. சுண்ணாம்புதான் மட்டம். வேறு டப்பா வாங்கிவரச் சொன்னேன்.

ஜூலை 13, ஞாயிறு

சுண்ணாம்பும் இல்லை. மருமகள் அன்புச்செல்வியைக் கூப்பிட்டு மெல்லச் சொன்னேன். அவள் வெற்றிலை போடுகிறவள் இல்லை. போன பொங்கலுக்கு ஒன்று மென்று கண்ணில் தண்ணீர் விட்டு ஓடியவள். இன்று முழு இலையையும் மென்று முழுங்கிவிட்டு நிற்கிறாள்.

"எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குது அத்தே. கீரையாட்டம்."

கீரை!

ஜூலை 15, செவ்வாய்

எழுதவே வெட்கமாக இருக்கிறது. பக்கத்து வீட்டு ஆடு கொடியில் வாய் வைத்துவிட்டது. இத்தனை வருஷம் அந்த ஆடு ஒரு கடி கடிக்கும், தும்மும், ஓடிவிடும். இன்று நின்று நிதானமாகப் பத்து இலை தின்றது. விரட்டினேன், மறுபடி வந்தது.

நேற்றுக் கிள்ளி ஈரத்துணியில் சுற்றிவைத்த இலையைப் பிரித்தேன். ஓரம் எல்லாம் அழுகல். முன்பு ஒரு வாரம் கிடந்தாலும் விறைப்பாக இருக்கும். இது முழுக்கத் தண்ணீர். உரம் உடம்பை ஊதவைத்திருக்கிறது, உறைப்பை எடுத்துவிட்டது.

அவன் சொன்னதுதான். வெறும் புல்.

இதைத் தட்டில் வைத்தால்? மென்றுவிட்டுத்தானே வார்த்தை கொடுப்பார்கள். அந்தம்மாள் வாயில் இது போனால் என்ன நினைப்பார்? அன்றைக்கு ஒன்றைக் காட்டி இன்றைக்கு வேறொன்றை வைக்கிறார்கள், பெண் விஷயத்திலும் அப்படித்தானோ என்று நினைக்கமாட்டாரா? நானாக இருந்தால் நினைப்பேன்.

ஜூலை 16, புதன்

நேற்று எழுதியதைக் கலைமதி எட்டிப் பார்த்துவிட்டாள். "ஒரு வெத்தலைக்காக யாராவது கல்யாணத்த நிறுத்துவாங்களா ஆயா?" என்று சிரித்தாள். அவளும் சேரனும் போனில் பேசிக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஆனால் சிரித்துவிட்டு, கிணற்றடிக்குப் போய், ஒரு இலையைக் கிள்ளி மென்று பார்த்தாள். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஜூலை 22, செவ்வாய்

அன்புச்செல்வியைத் திண்டிவனம் அனுப்பினேன். புண்ணாக்கு வாங்கிவா, என் பேரை எடுக்காதே, மாட்டுக்கு என்று சொல் என்றேன். வெறும் கையோடு வந்தாள்.

"மாடு எப்ப வாங்கினீங்கன்னு கேட்டாரு அத்தே. போன மாசம்னு சொன்னேன். இன்னா நிறம்னு கேட்டாரு. நான் பச்சைன்னு சொல்லிட்டேன்."

"பச்சை மாடா?"

"பயத்துல வந்துடுச்சி அத்தே. சிரி சிரின்னு சிரிச்சிட்டு, அண்ணியயே வரச் சொல்லு, அப்பதான் குடுப்பேன்னு சொல்லிட்டாரு."

வேறு செக்கே இல்லையா உலகத்தில்? இருக்கிறது. மெஷினில் கசக்கிப் பிழிந்து எண்ணெய்ப் பசையே இல்லாத சக்கை விற்கிறார்கள். அதைப் போட்டு இன்னொரு மாசத்தைத் தொலைக்க நேரம் இல்லை.

ஜூலை 24, வியாழன்

போனேன்.

அங்கே இன்றைக்கும் ஆள் நின்றார்கள். மூன்று பேர். பரவாயில்லை, ஒருத்தர் குறைவு. சுப்பராயலு நாற்காலியை இழுத்துப் போட்டான். உட்காரவில்லை. வாசலிலிருந்தே சொன்னேன்: "நீ சொன்னது சரி. வெத்தலை புல்லாப் போச்சு. போதுமா?"

அவன் சிரிப்பான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சிரிக்கவில்லை. முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது.

"இன்னா போட்டீங்க அண்ணி?"

"யூரியா."

"எவ்ளோ?"

"வாரம் ஒரு கைப்பிடி. அஞ்சு வாரம்."

"அய்யய்யோ. நெல்லு வயலுக்கே அவ்ளோ போடமாட்டாங்களே! பேஜாராச்சே. பாக்கு மாத்த இன்னும் எத்தினி நாளு?"

"நாப்பத்திரண்டு."

செக்கை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் நின்று விரல் விட்டு எண்ணினான். பத்து நாள் வெறும் தண்ணீர், நிறைய, மண்ணில் இருக்கிற உப்பெல்லாம் கீழே இறங்குகிற வரைக்கும். இருக்கிற இலையெல்லாம் தேறாது, நுனியில் புதிதாக வருவதுதான் கணக்கு. அப்புறம் மூன்று நாள் ஊறின புண்ணாக்குத் தண்ணீர், ஒரு சொம்புக்கு ஒரு குடம் தண்ணீர் கலந்து. ஜாஸ்தி ஊற்றினால் வேர் வெந்துவிடும்.

"ஒரு கவுளி வருமா?"

"பொய் சொல்லமாட்டேன் அண்ணி. வராது. எது வருதோ அது உறைக்கும்."

புண்ணாக்கு மூட்டையை அவனே தூக்கிவந்து பஸ்ஸில் வைத்தான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. கூழ் ஊற்றினோம், அப்புறம் கொடிக்குத் தண்ணீர் ஊற்றினோம். அன்புச்செல்வி இறைக்க, நான் ஊற்ற. நாளைக்கு முதல் புண்ணாக்குத் தண்ணீர். வாளி நாறுகிறது, கலைமதி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நுனியில் ஏழு துளிர். சின்னது, வெளிர்பச்சை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

ஆடு வந்தது. புது இலையை ஒரு கடி கடித்தது. தும்மியது! போய்விட்டது. ஓடிப்போய் ஒரு பிடி கடலைக்கொடி போட்டுவிட்டு வந்தேன் அதற்கு.

செப்டம்பர் 3, புதன்

முற்றின புது இலை முப்பத்தொன்று. அவ்வளவுதான். முப்பத்திரண்டாவது ஒன்று இருந்தது, பாதி விரிந்தது, விட்டுவிட்டேன். பழைய பெரிய இலை வேண்டுமட்டும் இருக்கிறது.

அறுபத்தொன்பது பெரிய இலையைக் கீழே அடுக்கி, முப்பத்தொன்றை மேலே வைத்துக் கட்டினேன். பார்க்க லட்சணமாக இருந்தது. மணிமாறனும் "அப்படியே இருக்கட்டும்மா, யாருக்குத் தெரியப்போவுது" என்றான்.

செப்டம்பர் 4, வியாழன்

நாலு மணிக்கு எழுந்து கட்டைப் பிரித்துவிட்டேன். கீழே இருந்த அறுபத்தொன்பதையும் எருக்குழியில் போட்டேன். ஏன் என்றால், நான் ஒரு வீட்டுக்குப் போனால் மேலே இருக்கிற வெற்றிலையை எடுக்கவே மாட்டேன். நடுவிலிருந்துதான் உருவுவேன். அந்தம்மாளும் என்னை மாதிரிதான்.

பதினொரு மணிக்கு வேன் வந்தது. நாற்பது பேர். தட்டுகளைப் பரப்பினோம். துரைக்கண்ணு அம்மாள் வெற்றிலைத் தட்டைப் பார்த்தார். விரலால் அடுக்கின் உயரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"ஒரு கவுளி கேட்டேனே சம்மந்தி?"

கலைமதி தலை நிமிரவில்லை. கடையில் வாங்கி நிரப்பியிருக்கலாமே என்று மணிமாறன் பல்லுக்குள் முனகினான். ஆனாலும் சொன்னேன். எழுந்து நின்றே சொன்னேன்.

"முப்பத்தொண்ணுதான் தேறுச்சு. வீம்புக்கு யூரியா போட்டு கொடிய நானே கெடுத்துட்டேன். தோ நிக்கிறாரே எங்க கொழுந்தனாரு, அவரு புண்ணாக்குலதான் அது பொழைச்சுது. மத்தது எல்லாம் புல்லு. புல்ல உங்க தட்டுல வைக்க மனசு வரல."

சுப்பராயலு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். அவ்வளவு பேசுகிறவன்!

துரைக்கண்ணு அம்மாள் நடுவிலிருந்து ஒன்றை உருவினார். காம்பு கிள்ளினார், சுண்ணாம்பு தடவினார், மடித்தார், போட்டார். மெல்லுகிறார், மெல்லுகிறார். சேரன் கூட அவர் வாயையே பார்க்கிறான்.

"காதுக்கு வரல" என்றார்.

இன்னும் இரண்டு தரம் மென்றார்.

"மூக்கு வரைக்கும் வந்துக்குது. தைக்குள்ள காதுக்கு வந்துடும்." இன்னொரு இலையை எடுத்து என்னிடம் நீட்டினார். "கெட்டத கெட்டதுன்னு சொல்ற வீட்ல பொண்ணு எடுக்கிறதுக்கு குடுத்து வெச்சிருக்கணும். வார்த்தை குடுத்தோம். தட்ட மாத்துங்கப்பா ஜல்தி, பசிக்குது."

அப்புறம் மேளம், சாப்பாடு, போட்டோ. அப்பளம் பற்றவில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

இடுப்பு வலி. படுத்தே இருந்தேன்.

செப்டம்பர் 15, திங்கள்

புண்ணாக்கு தீர்ந்துவிட்டது, திண்டிவனம் போனேன். சுப்பராயலு காலையிலிருந்து சாப்பிடவில்லையாம், வேலை ஆள் வரவில்லையாம். "போய் சாப்ட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்றேன். அவன் நாற்காலியில் உட்கார்ந்தேன். செக்கு ஓடிக்கொண்டிருந்தது.

பேன்ட் போட்ட ஒரு பையன் வந்தான். மாடியில் ரோஜா வைத்திருக்கிறானாம், இலை பெரிதாக வருகிறது, பூவில் வாசனை இல்லையாம்.

"யூரியா போட்டியா?" என்றேன்.

விழித்தான்.

"போட்டிருப்ப. அத தூக்கிக் கெடாசு. பத்து நாளைக்கு வெறும் தண்ணி ஊத்து. அப்புறம் இந்தப் புண்ணாக்கு, மூணு நாளு ஊறணும். ஊர்ல ஆயிரம் கடை இருக்கும், அங்கெல்லாம் வாங்காத. இங்க வாங்கு."

"நீங்க இன்னா ஓனரம்மாவா?"

"ஓனருக்கு அண்ணி" என்று சொல்லி, இரண்டு கிலோ நிறுத்துக் கொடுத்தேன்.