ரைட்டர் என்பவர் தொழிலாளி அல்ல

3 ஜூன் 1957

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். கேட்க ஆள் இல்லை என்பதால் இதில் எழுதுகிறேன். இடது கையால் எழுதுவதால் வரிகள் சாராயக் கடையிலிருந்து திரும்புகிறவனைப் போல நடக்கின்றன. பரவாயில்லை, படிக்கப்போவது நான் ஒருவன்தான்.

நடந்தது இவ்வளவுதான். பிப்ரவரியில் கப்பலுக்குச் சரக்கு அனுப்பும் அவசரம். தோல் பதனிடும் எங்கள் ஷாப்பில் ரோலர் மிஷினுக்கு ஆள் கம்மி. மேனேஜர் இன்பசேகரன், ரைட்டராகக் கணக்கெழுதிக்கொண்டிருந்த என் மேஜையருகே வந்து, "தேவா, கொஞ்சம் கை குடுப்பா" என்றான். கொடுத்துவிட்டேன். தோலோடு வலது கையும் உள்ளே போயிற்று. மூன்று விரல்களை வேலூர் ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். மீதி இரண்டும் மடங்காது. பார்வைக்கு மட்டும்.

இன்பசேகரன் சாத்துக்குடியோடு வந்து பார்த்தான். கண் கலங்கினான். அடுத்த வாரம் என் நாற்காலியில் தன் அக்காள் மகனை உட்கார வைத்தான். இன்பசேகரன் பள்ளிக்கூடத்தில் என் அல்ஜீப்ராவைப் பார்த்தெழுதி பாஸ் செய்தவன். நன்றி மறக்கிற ஜாதியில்லை. நாற்காலியையாவது ஞாபகம் வைத்திருந்தானே.

9 ஜூன்

வேலையில் ஊனமானவனுக்குச் சட்டம் இருக்கிறதாம். சென்னையில் ஒரு கமிஷனர் இருக்கிறார். மனு போட்டால், விசாரித்து முதலாளியிடமிருந்து நஷ்டஈடு வாங்கித் தருவார். அது கிடைக்காவிட்டால், என் மனைவி கிரேஸியின் வாத்தியார் சம்பளத்தில் இந்த வீட்டில் இருக்க முடியாது. காவேரிப்பாக்கத்தில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அங்கே எனக்கு ஒரு மூலையும் வேளாவேளைக்கு உபதேசமும் கிடைக்கும்.

"ஒரு வக்கீல வெச்சிக்கிட்டா இன்னா?" என்றாள் கிரேஸி.

"அவனுக்கு இங்கிலீஷ் நான்தான் சொல்லித் தரணும்."

"சரி. கைதான் போச்சு, வாய் பத்திரமா இருக்கு."

17 ஜூன்

மனுவை அனுப்பியாயிற்று. இங்கிலீஷில் ஏழு பக்கம். உத்தியோகம் என்ற இடத்தில் 'ஹெட் ரைட்டர்' என்று எழுதினேன். ஹெட் என்பது நான் சேர்த்தது. எங்கள் ஷாப்பில் ரைட்டர் ஒருவன்தான்; தலையும் அவனே, வாலும் அவனே.

2 ஜூலை

பதில் இல்லை. என் இங்கிலீஷ் நடையை ரசித்துக்கொண்டிருக்கிறார்கள் போல.

19 ஜூலை

வந்துவிட்டது. எழுத்து வேலை பார்ப்பவர் சட்டப்படி தொழிலாளி அல்ல. ஆகவே நஷ்டஈட்டுக்கு வழியில்லை. ஆதாரமாக ஷாப்பிலிருந்து போன கடிதத்தின் நகல்: 'திரு. தேவானந்தம் எங்கள் மதிப்புக்குரிய குமாஸ்தா. கைவேலை எதிலும் ஈடுபடுபவர் அல்லர்.' கையொப்பம், இன்பசேகரன். பதினாறு வருஷ வேலையில் அவன் என்னைப் புகழ்ந்தது இதுதான் முதல் தடவை. இப்படியொரு புகழ்ச்சி எதிரிக்கும் வரக்கூடாது.

இன்னொரு குறையும் உண்டு. மனுவில் உள்ள கையெழுத்து, சம்பள ரிஜிஸ்தரில் உள்ளதோடு ஒத்துப்போகவில்லையாம்.

டேய் — அந்தக் கையத்தான்டா நீங்க தின்னுட்டீங்க!

கைவேலை செய்தேன் என்பதற்குச் சாட்சி வைத்து, ஆகஸ்ட் முடிவதற்குள் மறுமனு போடலாம் என்று கடைசி வரியில் இருக்கிறது. கருணை.

24 ஜூலை

செய்யவில்லையா என்ன? ஒவ்வொரு சீசனிலும் செய்தேன். ஈரத்தோலைத் தூக்கினேன், விரித்தேன், ரோலரில் விட்டேன். பிறகு ஷாப் கிணற்றில் குளித்து, வேறு சட்டை போட்டு, பையில் பேனாவைச் செருகிக்கொண்டு ரைட்டராக வீடு வந்தேன். வீட்டில் யாருக்கும் தெரியாது என்ற நினைப்பு.

இன்று கிரேஸியிடம் சொன்னேன். அவள் அரிசி களைவதை நிறுத்தவேயில்லை.

"சட்டைய மாத்தினா ஆச்சா? தலைமுடியில வரும்ல வாசனை."

"ஏன் இத்தனை வருஷமா கேக்கல?"

"ரைட்டர் பொண்டாட்டின்னு எனக்கு மட்டும் ஆசை இருக்கக் கூடாதா?"

28 ஜூலை

லியாகத் அலி வீட்டுக்குப் போனேன். ரோலர் ஓட்டுகிறவன். கை போன அன்று அவன் காய்ச்சலில் கிடந்ததால்தான் என்னைக் கூப்பிட்டார்கள். அவனுக்குப் பதில் நான் நின்றேன் என்பதை அவனைவிட யார் சொல்ல முடியும்?

"நான் தோல் தூக்கினத நீ கமிஷனருக்குச் சொல்லணும்."

"நீங்கதானே ரைட்டர் சாப், 'லியாகத், இத வெளிய மூச்சு வுடாதே'ன்னீங்க?"

உள்ளேயிருந்து அவன் மனைவி பில்கிஸ்: "ரொம்ப நம்பிக்கையான ஆளு சாப் இவரு. என்கிட்டகூட ஒரு தரம்தான் சொன்னாரு. தெருவுக்கே கேக்குற மாதிரி."

அப்படியானால் ஆம்பூர் முழுக்கத் தெரியும். தெரியாதது கமிஷனருக்கு மட்டும்.

"மேனேஜர் உன்னைப் பேஜார் பண்ணுவானே?" என்றேன்.

"பண்ணட்டும். எனக்கு ரோலர் ஓட்டத் தெரியும், எந்த ஷாப்லயும் நிப்பேன். நீங்க எங்க போய் நிப்பீங்க?"

அவன் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

6 ஆகஸ்ட்

ஞாயிறன்று சர்ச் முடிந்ததும் இன்பசேகரன் வாசலில் பிடித்துக்கொண்டான். தோளில் கை வேறு. அவனிடம் இரண்டு இருக்கிறது, போடலாம்.

"தேவா, நீ கூலின்னு எழுதிக் குடுக்கப் போறியாமே? முன் பெஞ்சுல உக்கார்ற ஆளு நீ. படிச்சவன். நாளைக்கு உன்ன யாரு மதிப்பாங்க?"

"நீ மதிக்கிறேன்னு எழுத்துலயே குடுத்திருக்கியே. அது போதும்."

"கோபம் வாணாம்ப்பா. ஷாப் கேட்டுல உக்காந்து வர்றவன் போறவனப் பாத்துக்க. எதாவது போட்டுத் தரச் சொல்றேன். மனு மட்டும் வாணாம்."

யோசிப்பதாகச் சொன்னேன். பொய்யில்லை. இரண்டு நாள் யோசித்துத்தான் இதையே எழுதுகிறேன். கேட்டில் உட்கார்ந்தால் வாயளவில் ரைட்டர் என்றே கூப்பிடுவார்கள். அவனுக்குப் பிடிக்காத நாளன்று எழுந்து போகச் சொல்வான். அதற்கும் இன்பமாகச் சிரிப்பான்.

8 ஆகஸ்ட்

தாலுகா ஆபீஸ். கையெழுத்து ஒத்துப்போகாத விஷயத்துக்கு வழி கேட்டேன். குமாஸ்தா தலை நிமிரவில்லை.

"பழைய மாதிரியே போடுங்க. முடியாதுன்னா கைநாட்டு வெச்சி, ரெண்டு பேர் சாட்சிக் கையெழுத்து வாங்குங்க."

"ஐயா, நான் இண்டர்மீடியட்."

"விரலுக்கு அதெல்லாம் தெரியாதுங்க."

12 ஆகஸ்ட்

புது மனு ஒரே பக்கம். தமிழில். உத்தியோகம்: தோல் ஷாப்பில் தோல் தூக்குதல், விரித்தல், ரோலரில் விடுதல், எண்ணிக்கையும் எழுதுவதுண்டு. இந்த வாக்கியத்தில் திருத்த எதுவும் இல்லை என்பது எரிச்சலாக இருக்கிறது.

மாலையில் லியாகத் வந்தான். சாட்சிக்கு உர்துவில் கையெழுத்துப் போட்டான், வலமிருந்து இடமாக, அழகாக. அவனுக்கு எழுதத் தெரியும் என்பதை நான் இத்தனை வருஷத்தில் கேட்டதே இல்லை. இன்பசேகரன் தருவதாகச் சொன்ன கேட் வேலையைப் பற்றிச் சொன்னேன்.

"அந்த கேட் வேலையா? போன வருஷம் கால் போன மாணிக்கத்துக்கும் அதான் குடுத்தாரு மேனேஜரு," என்றான். "மூணு மாசம்."

மூன்று மாதம் கழித்து மாணிக்கத்தின் பெயரைச் சம்பள ரிஜிஸ்தரிலிருந்து அடித்தவன் நானே. ஏன் என்று கேட்கவில்லை.

கிரேஸி அடுத்த சாட்சியாகப் பெயர் எழுதினாள். பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த மைப்பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு, சமையலறைக்குப் போய்விட்டாள். பார்க்காமல் இருக்க ஒரு காரணம் வேண்டுமே, குழம்பு கொதித்தது.

இடது பெருவிரல் ரேகை நன்றாகவே விழுந்திருக்கிறது. நாளைக் காலை என் கையெழுத்து இல்லாமலே ரிஜிஸ்தர் தபாலில் சேர்த்துவிடுகிறேன்.